பினாங்குக் கடலோரக் கொண்டோவில் குடும்பத்தோடு தங்க: வீட்டைப் பார்க்கும் முன் கட்டடத்தைப் பாருங்கள்

பினாங்கில் கடலைப் பார்த்த கொண்டோவில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு வீட்டில், நாலு நாள் தங்கலாம் என்று நினைக்கிறோம், எதை எடுக்கலாம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: அந்தக் கட்டடத்தில் குறுகிய நாள் வாடகைக்கு அனுமதி உண்டா?

பெரும்பாலும் பதில் வராது. ஏனென்றால் நாம் எல்லோரும் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். பால்கனி, அதற்கு அப்பால் நீலக் கடல், வெள்ளை விரிப்பு போட்ட கட்டில். ஆனால் நாலு நாள் நிம்மதியாகப் போகுமா என்பது அந்த வீட்டைவிட அந்தக் கட்டடத்தைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. வாசலில் காவலர் உள்ளே விடுவாரா, கார் நிறுத்த இடம் கிடைக்குமா, லிஃப்ட் ஓடுகிறதா, பிள்ளைகளைக் குளத்தில் இறங்க விடுவார்களா, இதெல்லாம் கட்டட நிர்வாகத்தின் கையில் இருப்பவை.

நான் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பள்ளி விடுமுறை விட்டால்தான் எங்களுக்குப் பயணம். போனால் அம்மா, அண்ணன் குடும்பம், என் குடும்பம் எல்லோரும் சேர்ந்துதான். ஹோட்டலில் மூன்று அறை எடுத்தால் அம்மா ஓர் அறையில், பிள்ளைகள் இன்னோர் அறையில், நாங்கள் வேறு மாடியில் என்று பிரிந்துவிடுகிறோம். கொண்டோவில் ஒரு கூடம் இருக்கிறது. இரவில் எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். அம்மாவுக்கு ரசம் வைத்துக் கொடுக்கலாம். அதனால் வீட்டில் ஏற்பாடு என் பொறுப்பு என்று ஆனதிலிருந்து நான் கொண்டோவைத்தான் தேடுகிறேன். அப்படித் தேடியும் தங்கியும் தெரிந்துகொண்டவை இவை.

அனுமதி

மலேசியாவில் இது சட்டப்படியே தீர்ந்துவிட்ட விஷயம். கோலாலம்பூர் மோண்ட் கியாராவில் உள்ள ஒரு கொண்டோவின் வழக்கில், 2020 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குறுகிய நாள் வாடகை கூடாது என்று கட்டட நிர்வாகக் கழகம் விதி போட்டால் அந்த விதி செல்லும். 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிக் கட்டட) நிர்வாகச் சட்டத்தின் கீழ் அப்படி விதி போடும் உரிமை நிர்வாகத்துக்கு இருக்கிறது. வீடு என்னுடையது, நான் யாருக்கும் கொடுப்பேன் என்று வீட்டுக்காரர் சொல்ல முடியாது.

பினாங்கு இதில் இன்னும் கடுமை. 2023இல் மாநில அரசு இதற்கென்றே வழிகாட்டி விதிகளைக் கொண்டு வந்தது. குடியிருப்புக்காகக் கட்டிய கொண்டோக்களில் இந்த வாடகையைத் தடுப்பதும், வணிகத் தகுதியுள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் போன்ற கட்டடங்களில் மட்டும், அதுவும் நிர்வாகத்தின் ஒப்புதலோடும் மாநகர் மன்றத்தின் அனுமதியோடும் நடத்த விடுவதும்தான் அதன் நோக்கம். ஆனாலும் இணையத்தில் தேடினால் எல்லா வகைக் கட்டடமும் வரத்தான் செய்யும். பட்டியலில் இருப்பதாலேயே அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது? பணம் கட்டும் முன் வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். இந்தக் கட்டடம் சர்வீஸ் அபார்ட்மென்ட் வகையா, குடியிருப்பு வகையா? நிர்வாக அலுவலகத்தில் எங்கள் பெயரையும் கார் எண்ணையும் முன்கூட்டியே பதிவு செய்வீர்களா? வாசலையும் லிஃப்டையும் திறக்கும் அக்சஸ் கார்டு எத்தனை தருவீர்கள்? குளத்தை நாங்கள் பயன்படுத்தலாமா? நேர்மையாக நடத்துகிறவர் இந்த நான்குக்கும் உடனே பதில் சொல்வார். பதிவுப் படிவத்தையே அனுப்பி அடையாள அட்டை எண்ணைக் கேட்பார். அது நல்ல அறிகுறி. அப்புறம் கட்டடத்தின் பெயரைத் தேடினால் நிர்வாக அலுவலகத்தின் தொலைபேசி எண் கிடைக்கும். ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டால் சந்தேகமே இல்லை.

"காவலர் கேட்டால் என் நண்பர் என்று சொல்லுங்கள்" என்று ஒருவர் எழுதினால், அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எங்கள் சித்தப்பா குடும்பம் அப்படி ஒரு கட்டடத்தின் வாசலில் இரவு நேரத்தில் நின்றது. வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. காவலர் தன் வேலையைத்தான் செய்தார், உள்ளே விடவில்லை. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சித்தி அந்த நேரத்தில் ஹோட்டல் தேடி அலைந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பொறுக்கவில்லை. பெரியவர்களையும் குழந்தைகளையும் பொய் சொல்லி உள்ளே போகும் நிலையில் நாம் வைக்கக் கூடாது.

பணம் பற்றி ஒன்று. முகநூலில் பார்த்த வீட்டுக்கு வங்கிக் கணக்கில் முன்பணம் கேட்டால், கட்டும் முன் மலேசியக் காவல்துறையின் செமாக் மியூல் (Semak Mule) இணையதளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். மோசடிப் புகார் வந்த கணக்கா என்று காட்டும். அதில் ஒன்றும் இல்லை என்பதாலேயே முழுக்க நம்பிவிடவும் வேண்டாம். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் உடனே மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும்.

எந்தக் கடல்

பினாங்கின் வடகரையில் ஜார்ஜ்டவுனிலிருந்து மேற்கே போனால் கர்னி டிரைவ், தஞ்சோங் தொக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெராங்கி, தெலுக் பஹாங் என்று வரிசையாக வரும். எல்லாமே 'கடலோரம்' என்று விளம்பரம் செய்யப்படும். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் கடல் வேறு மாதிரி.

கர்னி டிரைவில் கடல் இறங்கும்போது சேறு தெரியும். முன்னால் கடலைத் தூர்த்து கர்னி பே பூங்காவை உருவாக்கியிருக்கிறார்கள். மாலையில் நடக்க, பிள்ளைகள் விளையாட நல்ல இடம். கடைகளும் மருத்துவமனைகளும் பக்கத்தில். அம்மா வயதில் உள்ளவர்களோடு போனால் இந்த வசதியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மணற்கரை வேண்டும் என்றால் மட்டும் இது சரிப்படாது.

தஞ்சோங் தொக்கோங்கில் ஸ்ரீ தஞ்சோங் பினாங் பகுதி முழுக்கத் தூர்க்கப்பட்ட நிலம். படகுத்துறையைச் சுற்றிய ஸ்ட்ரெய்ட்ஸ் கீ அங்கேதான். அதற்கு எதிரே கடலிலேயே ஒரு தீவை உருவாக்கியிருக்கிறார்கள். அதனால் சில வருடங்களுக்கு முன் எடுத்த படத்தில் திறந்த கடலாகத் தெரிந்தது இப்போது புது நிலமாகவோ கட்டுமானமாகவோ இருக்கலாம். இந்தப் பகுதியில் வீடு எடுப்பதாக இருந்தால், இந்த மாதம் பால்கனியிலிருந்து எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அங்கே தலைமுறையாக மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் இந்தத் தூர்ப்பால் கடலை இழந்து நிற்கிறார்கள் என்பதையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது தஞ்சோங் பூங்கா. மிதக்கும் பள்ளிவாசல் இருக்கிறதே, அந்தப் பக்கம். காலைச் சந்தை உண்டு, மீன் கிடைக்கும், ஊர்க்காரர்கள் வாழும் இடம் என்ற உணர்வு இருக்கும். தொண்ணூறுகளில் கட்டிய பழைய கொண்டோக்கள் இங்கே நிறைய. குளமும் வரவேற்புக் கூடமும் புதுக் கட்டடங்கள் அளவுக்குப் பளபளக்காது. ஆனால் வீடுகள் விசாலமானவை, மூன்று படுக்கையறையும் சமையலறைக்கு ஜன்னலும் இருக்கும். எட்டுப் பேர் தங்குவதற்குப் பளபளப்பைவிட இடம்தான் முக்கியம்.

நீளமான மணற்கரை வேண்டும் என்றால் பத்து பெராங்கி. ஆனால் தஞ்சோங் பூங்காவிலிருந்து அங்கே போகும் சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவே குறுகலாக வளைந்து போவது. வார இறுதி மாலையில் இரவுச் சந்தைக்கு வரும் கூட்டமும் சேர்ந்தால் வண்டி நகராது. இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில கட்டடங்கள் சாலைக்கு மலைப்பக்கத்தில் இருக்கும். பால்கனியில் நின்றால் கடல் தெரியும், கடலுக்குப் போக வேண்டும் என்றால் சரிவில் இறங்கி, வாகனம் விரையும் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களால் தினமும் முடியாது. வரைபடத்தில் கட்டடம் சாலையின் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

சூரியன் மறைவதைப் பால்கனியிலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: இது வடகரை. ஆண்டின் நடுவில், ஜூன் ஜூலையில், பத்து பெராங்கியில் சூரியன் கடல் பக்கம் இறங்கும். டிசம்பரில் தெற்கே நகர்ந்து மலைக்குப் பின்னால் போய்விடும். மேற்கு பார்த்த வீடு பிற்பகலில் சூடாகும். கூடத்திலும் ஏர்கோன் (ஏசி) இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பல வீடுகளில் படுக்கையறையில் மட்டும்தான் இருக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜனவரி பிப்ரவரியில் மழை குறைவு, செப்டம்பர் அக்டோபரில் அதிகம். சீனப் புத்தாண்டுக்கும் பள்ளி விடுமுறைக்கும் விலை ஏறும். தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கர்னி, தஞ்சோங் தொக்கோங் பக்கம் தங்குவது வசதி. ரத ஊர்வலத்துக்காகச் சாலைகளை மூடும்போது பத்து பெராங்கியிலிருந்து வந்து சேர்வது பெரும்பாடு. மலைக் கோயிலுக்கு 513 படி, அதனால் அம்மாவை விடியும் முன் அழைத்துப் போய், கீழே பந்தலில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் ஏறுவோம்.

வீட்டைப் பற்றி என்ன கேட்கலாம்

கடலோரக் கட்டடத்தில் உப்புக் காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். பால்கனிக் கதவின் சக்கரம் துருப்பிடித்துத் தள்ள முடியாமல் இருக்கும், பூட்டு இறுகும், ஏர்கோன் ஒழுகும். அண்மையில் தங்கியவர்கள் எழுதியதில் 'துரு', 'ஒழுகல்', 'லிஃப்ட்' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். லிஃப்ட் பழுது என்று மூன்று பேர் எழுதியிருந்தால் பதினெட்டாவது மாடி வேண்டாம். கார் நிறுத்தும் தளத்திலிருந்து லிஃப்ட் வரை படி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மலைச்சரிவில் கட்டியவற்றில் பெரும்பாலும் இருக்கும்.

தண்ணீர் வசதியையும் கேட்க வேண்டும். 2024 ஜனவரியில் பெரிய குழாய் வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கின் பல பகுதிகளில் நாள்கணக்கில் நீர் நின்றது. முன்கூட்டியே அறிவித்துத்தான் நிறுத்தினார்கள். அதனால் கிளம்பும் வாரத்தில் பினாங்கு நீர் விநியோகக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால், போன உடனே நான் செய்யும் முதல் வேலை பால்கனியில் உள்ள நாற்காலி, மேசை எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைப்பது. கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் ஏறி நிற்க எதுவுமே இருக்கக் கூடாது. பெரியவர் இல்லாமல் பால்கனிக் கதவு திறக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் கண்டிப்பான சட்டம். இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சில. இந்தியக் குடிமக்கள் 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம். வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதில் தங்கும் முகவரி கேட்பார்கள், ஆகவே கொண்டோவின் முழு முகவரியையும் வீட்டுக்காரரின் எண்ணையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள். இண்டிகோ 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும், விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இங்கே மின்செருகி சதுரமான மூன்று முனை, ஊர்ச் செருகி பொருந்தாது.

போக்குவரத்து எளிது. விமான நிலையம் தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸில் இருக்கிறது, வடகரைக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 101ஆம் எண் பேருந்து ஜார்ஜ்டவுன் படகுத்துறையிலிருந்து வடகரை முழுக்க ஓடி தெலுக் பஹாங் வரை போகும். காரில் வருகிறவர்கள் வடகரைக்கு முதல் பாலத்தையே எடுங்கள், இரண்டாவது பாலம் தீவின் தெற்கே கொண்டுபோய் விட்டுவிடும். பட்டர்வொர்த் படகில் இப்போது கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான். வெள்ளிக்கிழமை மாலை பாலத்துக்கு முன் வரும் ஜூரு நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டாமல் இருக்க நாங்கள் சனிக்கிழமை விடியற்காலையில் கிள்ளானை விட்டுக் கிளம்புவோம். வீட்டை மூன்று மணிக்குத்தான் திறந்து கொடுப்பார்கள். அதற்குள் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, குவீன் தெரு மாரியம்மன் கோயில், அப்படியே நாலு நாளைக்கு வேண்டிய காய்கறி, கறிவேப்பிலை எல்லாம் முடிந்துவிடும்.

சமையலறை

கொண்டோ எடுப்பதே இதற்காகத்தான் என்பேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாடகைக்கு விடும் வீடுகளில் பெரும்பாலும் இண்டக்ஷன் அடுப்புதான், கேஸ் கிடையாது. அலுமினியக் குக்கரும் வாணலியும் அதில் சூடேறாது. ஒரு காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், நன்றாக ஒட்டினால் அந்தப் பாத்திரம் வேலை செய்யும். நான் எடுத்துப் போவது அடி கனமான எவர்சில்வர் குக்கர் ஒன்று, அதற்குள் அடங்கும் இட்லித் தட்டு, இரும்புத் தோசைக்கல். அப்புறம் நல்ல கத்தி ஒன்று. வாடகை வீட்டுக் கத்தியில் வெங்காயம்கூட நறுக்க முடியாது. சோறு வடிக்க ரைஸ் குக்கர் அங்கேயே இருக்கும், ஆனால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கான குக்கரில் எட்டுப் பேருக்குச் சமைத்தால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.

மசாலாவைக் கிள்ளானிலேயே சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிவிடுவேன். மிளகாய்த்தூள், மஞ்சள், கடுகு, புளி, உப்பு, காப்பித்தூள், ஒரு சிறு புட்டி நல்லெண்ணெய். இட்லி மாவை மட்டும் லிட்டில் இந்தியாவில் விசாரித்து வாங்குவோம், ஐந்து மணி நேரப் பயணத்தில் மாவு பொங்கிவிடும்.

தாளிக்கும்போது வாசல் கதவை மூடி, பால்கனிக் கதவைத் திறந்து, புகைபோக்கியைப் போட்டுவிடுங்கள். நம்மில் பலர் புகை போகட்டும் என்று வாசல் கதவைத் திறக்கிறோம். புகை தாழ்வாரத்துக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்குள் நுழையும், தாழ்வாரத்தில் புகை உணரும் கருவி இருந்தால் மணி அடிக்கும். மீனைச் சந்தையிலேயே சுத்தம் செய்து வாங்கி வாருங்கள். கழிவை இரண்டு பையில் கட்டி அன்றைக்கே குப்பை அறையில் போட்டுவிட வேண்டும், இந்தச் சூட்டில் காலைவரை தாங்காது. தஞ்சோங் பூங்காச் சந்தையில் ஏழு மணிக்கு நின்றால் கெம்போங் மீனும் இறாலும் நல்லதாகக் கிடைக்கும். மதியம் அம்மா கையால் மீன் குழம்பு, கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் அந்த ஒரு வேளைக்காகவே அவ்வளவு தூரம் வண்டி ஓட்டலாம். ஆனால் மூன்று வேளையும் சமைக்காதீர்கள். வீட்டுப் பெண்களுக்கு அது விடுமுறையே இல்லை. எங்கள் வீட்டில் ஒரு வேளைதான் சமையல், பாத்திரம் கழுவுவது அண்ணனும் பையன்களும். இரவுச் சாப்பாடு வெளியே.

டுரியானை மட்டும் கட்டடத்துக்குள் கொண்டுவர வேண்டாம். லிஃப்டிலும் வீட்டிலும் கூடாது என்று அநேகமாக எல்லா இடத்திலும் விதி இருக்கும், வைப்புத்தொகையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். பருவத்தில், ஏறக்குறைய மே முதல் ஜூலை வரை, தெலுக் பஹாங் தாண்டி மலைச்சாலையில் பாலேக் பூலாவ் வரை போய் மரத்தடியிலேயே வயிறாரச் சாப்பிட்டு வரலாம்.

குளம், கடல், குரங்கு, அண்டை வீடு

குளத்தில் நீச்சல் உடை இல்லாமல் இறங்க விடமாட்டார்கள். பருத்தி டி-சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கினால் காவலர் ஏறச் சொல்லுவார். முழுக்கை, முழுக்கால் மூடிய நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது, அண்ணி அதைத்தான் போடுகிறார். குளத்தை மூடும் நேரத்தை முதல் நாளே கேட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். ஈர உடையைப் பால்கனிக் கம்பியில் காயப் போடுவதும் பல கட்டடங்களில் கூடாது, மடக்குக் கொடி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கடலில் குளிப்பது வேறு விஷயம். மலாக்கா நீரிணையின் இந்தப் பக்கம் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும், அதில் சொறிமுட்டை (ஜெல்லி மீன்) வருகிறது. கொடிய விஷமுள்ள பெட்டிச் சொறிமுட்டையும் இந்தக் கரையில் உண்டு. பிள்ளைகள் குளத்தில் குளிக்கட்டும், கடற்கரையில் மணலில் விளையாடட்டும் என்பதுதான் என் முடிவு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால்கூட நனைக்க வேண்டாம். யாருக்காவது கொட்டிவிட்டால் கரையேற்றி, தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகரை நிறைய ஊற்றுங்கள். மூச்சு வாங்கினாலோ வலி தாங்க முடியாமல் போனாலோ உடனே அவசர எண் 999ஐ அழையுங்கள். கடற்கரைப் பையில் ஒரு புட்டி வினிகர் எப்போதும் இருக்கட்டும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையையும் தொட்டது. பினாங்கில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வந்த குடும்பங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

குரங்குகள் தஞ்சோங் பூங்காவிலிருந்து தெலுக் பஹாங் வரை எங்கும் உண்டு. நீளவால் குரங்கு பால்கனிக் கதவு திறந்திருந்தால் உள்ளே வந்து ரொட்டி, பழம் எல்லாம் எடுத்துப் போகும். வெளியே போகும்போது பால்கனிக் கதவைப் பூட்டுங்கள், உணவு ஒருபோதும் கொடுக்காதீர்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கும் தெரியும், லோத்தோங் என்பார்கள். சாதுவானது. சாலையில் அடிபட்டுச் சாகாமல் அவை மரத்துக்கு மரம் கடக்க, தெலுக் பஹாங்கில் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு 2019இல் ஒரு கயிற்றுப்பாலம் கட்டியிருக்கிறார்கள். அந்த வழியே போனால் தலை நிமிர்ந்து பாருங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய நல்ல காரியம்.

அப்புறம், பக்கத்து வீடுகள். இந்தக் கட்டடங்களில் ஆண்டு முழுக்க வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற சீனத் தம்பதிகள், 'மலேசியா என் இரண்டாவது இல்லம்' என்ற நீண்ட நாள் விசாத் திட்டத்தில் வந்து தங்கிவிட்ட வெளிநாட்டவர், காலையில் வேலைக்கு ஓடும் இளம் குடும்பங்கள். நமக்கு விடுமுறை, அவர்களுக்குத் திங்கட்கிழமை. தாழ்வாரத்தில் பிள்ளைகள் ஓடக் கூடாது. இரவு பத்துக்கு மேல் பால்கனியில் பாட்டு வேண்டாம், கடற்காற்றில் குரல் மேல் மாடி வரை போகும். லிஃப்டில் பார்த்தால் ஒரு வணக்கமோ சிரிப்போ போதும். விருந்தினரால் தூக்கம் கெட்டவர்கள்தான் ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கி வாடகையைத் தடை செய்கிறார்கள், அவர்கள் மேல் தப்புச் சொல்ல எனக்கு மனம் வராது. நம்மைப் போன்ற குடும்பங்கள் ஒழுங்காக இருந்துவிட்டு வந்தால்தான் அடுத்த குடும்பத்துக்கும் கதவு திறந்திருக்கும்.

கிளம்பும் நாள்

உள்ளே நுழைந்த அன்றே வீடு முழுக்க ஒரு காணொளி எடுத்துத் தொலைபேசியில் வைத்திருங்கள். உடைந்த கைப்பிடி, கறை படிந்த மெத்தை எது இருந்தாலும் அப்போதே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால் வைப்புத்தொகையில் வாக்குவாதம் வராது. கிளம்பும்போது இன்னொரு காணொளி. குளிர்பெட்டியைக் காலி செய்து, குப்பையை இறக்கி, ஏர்கோனையும் தண்ணீர்ச் சூடேற்றியையும் அணைத்து, அக்சஸ் கார்டுகளை எண்ணி ஒப்படையுங்கள். தொலைந்த கார்டுக்குத் தனியாகப் பணம் பிடிப்பார்கள், அதனால் கார்டுகள் எல்லாம் அண்ணி கைப்பையில்தான் இருக்கும், பிள்ளைகளிடம் தருவதில்லை.

கருத்து எழுதும்போது கட்டிலையும் கடலையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். காவலர் எப்படி நடத்தினார், லிஃப்ட் எத்தனை ஓடியது, கார் நிறுத்துமிடத்திலிருந்து படி இருந்ததா, பால்கனிக்கு எதிரே இப்போது என்ன கட்டுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். வயதான அம்மாவோடு வரப்போகும் இன்னொருவர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார். தீவைவிட்டு வெளியேறும் திசையில் பாலத்தில் டோல் இல்லை. பதினோரு மணிக்குள் கிளம்பினால் ஈப்போவில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் கிள்ளான் வந்துவிடலாம்.